‘இயந்திரக் கோளாறு’

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு, மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் கை தானாகவே எழுதிவிடும் வாக்கியங்கள் சில உண்டு. ‘மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்’ என்பது ஒன்று. ‘சடலம் பிரேத பரிசோதனைக்காக வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது’ என்பது மற்றொன்று. கிழக்குக் கரையோரச் செய்திகளைப் பல ஆண்டுகள் செப்பனிட்டவன் என்ற வகையில் என் கை பழகிப்போன மூன்றாவது வாக்கியமும் ஒன்று உண்டு: ‘இயந்திரக் கோளாறு காரணமாகப் படகு காற்றில் அள்ளுண்டு சென்றிருக்கலாம் எனத் தெரிவிக்கப்படுகிறது.’

திருகோணமலையிலிருந்து நிருபர் தொலைபேசியில் சொல்வார். திருக்கடலூரிலிருந்தோ சல்லியிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ தொழிலுக்குப் போன இருவர் திரும்பவில்லை என்பார். ஒரு பத்தித் தலைப்பைப் போட்டு அச்சுக்கோப்போருக்கு அனுப்பிவிடுவேன். என்ன கோளாறு, எந்த உறுப்பு உடைந்தது, கரையில் வைத்துத் திருத்தியிருக்கக்கூடிய ஒன்றா என்று ஒரு நாளாவது நான் கேட்டதில்லை. நிருபரும் சொன்னதில்லை. அந்த இரண்டு சொற்களும் எல்லாவற்றையும் மூடிவிடப் போதுமானவையாக இருந்தன.

அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டது 2002 ஆம் ஆண்டில். அவ்வாண்டு பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதைத் தொடர்ந்து, அதுவரை போக முடியாதிருந்த ஊர்களுக்கெல்லாம் பத்திரிகையாளர் போய்வரத் தொடங்கியிருந்தோம். ஜூலை மாதத்தில் ஒரு நாள், மூதூரில் வேலை முடித்து இறங்குதுறைக்கு வந்தபோது திருகோணமலைக்கான கடைசி லோஞ்சு புறப்பட்டுவிட்டது. வலைச்சாமான் வாங்கப் பட்டினத்துக்குப் போகவிருந்த ஒரு வள்ளக்காரர் இரங்கி என்னை ஏற்றிக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். ஊரார் எல்லோரும் ‘காக்கா’ என்றே அழைத்தார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். துணைக்குப் பேரன் முறையான பையன் ஒருவன்.

கொட்டியாரக் குடாவின் நடுப்பகுதிக்கு வந்திருப்போம். சுழலியில் எதுவோ சுற்றிக்கொண்டு இயந்திரம் நின்றது. காக்கா பின்னால் குனிந்து ஒரு பிளாஸ்ரிக் பையைக் கிழித்தெடுத்தார். பிறகு பிடியைப் பற்றி இழுத்தார். இயந்திரம் இருமியது; கிளம்பவில்லை. மறுபடியும் இழுத்தார். ஏழாவதோ எட்டாவதோ தடவையில் ‘பட்’டென்று ஓர் ஓசை. பிடி அவர் கையில் இருந்தது. கயிற்றின் எஞ்சிய துண்டு பாம்பு புற்றுக்குள் நுழைவதைப் போல இயந்திரத்தின் மேல்மூடிக்குள் ஓடி மறைந்தது.

அப்போது வீசிக்கொண்டிருந்தது கச்சான் காற்று. திருகோணமலைக் கரையை அறியாத வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையின் கடல் பொதுவாக அமைதியானது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்ய வருவதும் அந்தக் காலத்தில்தான். ஆயினும் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. இயந்திரம் நின்ற வள்ளத்தை அது ஊரை நோக்கித் தள்ளாது. குடாவின் வாயை நோக்கித் தள்ளும். வாயைத் தாண்டினால் பவுல் பொயின்ற் வெளிச்சவீட்டை வலப்புறத்தில் பார்த்துக்கொண்டே வங்காள விரிகுடாவுக்குள் போய்விடலாம்.

“நங்கூரத்தைப் போட்டு நிறுத்தினால் என்ன?” என்று கேட்டேன். பையன் சிரித்துவிட்டான்.

“இங்க போட்டா நிலத்தத் தொடுமா, தம்பி?” என்றார் காக்கா.

தொடாதுதான். உலகக் கடற்படைகள் திருகோணமலைக்காக முந்நூறு ஆண்டுகள் அடித்துக்கொண்டதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். இலங்கையைச் சுற்றியுள்ள கடலடிப் பள்ளத்தாக்குகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று இந்தக் குடாவிலிருந்தே தொடங்கிக் கிழக்கே ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. பெருங்கப்பல்களுக்கு வரமாக அமைந்த அந்த ஆழம், முப்பது பாகம் நங்கூரக் கயிறு வைத்திருக்கும் வள்ளக்காரனுக்குச் சாபம். துறைமுகத்தின் பெருமையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியவன் நான். அதே ஆழத்தை வள்ளத்தின் அணியத்திலிருந்து அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

காக்கா அதற்குப் பின் செய்ததை நான் அப்போது பார்த்தேனே தவிர விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொள்ள மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதைச் சொல்வதற்கு முன்னர் இந்தக் கயிற்றின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்தை விற்பனைப் பண்டமாக்கி வெற்றி கண்டவர் ஓலே எவின்ரூட். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வாழ்ந்தவர். வெப்பம் மிகுந்த ஒரு நாளில் ஏரியின் மறுகரையிலிருந்து காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு துடுப்பு வலித்து வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். 1909 இல் அவர் சந்தைக்கு விட்ட இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலு கொண்டது. நிறை சுமார் 28 கிலோ. அதைக் கிளப்பக் கயிறு கிடையாது. மேலே சுழலும் கனத்த சில்லில் ஒரு குமிழ் இருந்தது. அதைக் கையால் பற்றிச் சுழற்ற வேண்டும். கிளம்பியதும் அதே குமிழ் கையை மொத்தும். விரல் முட்டிகள் பெயர்ந்த அந்தக் காலத்தாரின் அனுபவமே பின்னர் கயிற்றைக் கொண்டுவந்தது எனலாம். சில்லின் தலையில் ஒரு கப்பி, கப்பியின் விளிம்பில் ஒரு வெட்டு. கயிற்றின் நுனியில் போட்ட முடிச்சை அந்த வெட்டில் மாட்டி, சுற்றி, ஒரே வீச்சில் இழுத்தால் கயிறு கையோடு வந்துவிடும். அடுத்த தடவைக்கு மறுபடியும் சுற்ற வேண்டும்.

இந்த வகையில் மிகவும் பெயர்பெற்றது பிரித்தானியாவின் சீகல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்கென ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. மூடி இல்லை, பின்வாங்கும் சுருள்வில் இல்லை. திறந்த சில்லும் முடிச்சுப் போட்ட கயிறும்தான். உடைவதற்கு அதிகம் இல்லாத இயந்திரம். அதே போர்க்காலத்தில்தான் 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1957 ஒக்டோபரில், பண்டாரநாயக்க ஆட்சிக் காலத்தில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பேரரசின் நீராவிக் கப்பல்கள் போய்விட்டன. கரைவலையும் பாய்த்தோணியும் தம் போக்கில் இருந்தன.

இலங்கையில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் அரச முயற்சிகள் 1950களில் தொடங்கின. முதலில் பேசப்பட்டவை மூன்றரைத் தொன் படகுகளும் அவற்றின் உள்ளே பொருத்திய டீசல் இயந்திரங்களும். ஆனால் சாதாரண கடற்றொழிலாளியின் வாழ்வை மாற்றியது அதற்குப் பின்னர் வந்த கண்ணாடியிழை வள்ளமும் அதன் பின்புறத்தில் மாட்டிய ஜப்பானிய இயந்திரமும்தான். யமஹா நிறுவனம் தன் முதலாவது வெளிப்பொருத்து இயந்திரத்தை விற்றது 1960 இல். 1960களின் இறுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் சீநோர் படகுத்தளம் எழுந்தது. இந்தக் கதையில் நோர்வே மூன்று இடங்களில் தலைகாட்டுவதைக் கவனித்திருப்பீர்கள்: எவின்ரூட், சீநோர், 2002 இன் உடன்படிக்கை. மூன்றில் இன்று எஞ்சியிருப்பது எதுவென்று கேட்டால் பதில் சொல்லக் கடினம். எவின்ரூட் என்ற பெயரில் இயந்திரம் செய்வதைக்கூட 2020 இல் நிறுத்திவிட்டார்கள்.

ஜப்பானிய இயந்திரங்களோடு வந்தது, இழுத்த கயிறு தானாகப் பின்வாங்கிச் சுற்றிக்கொள்ளும் ஸ்டார்ட்டர். மேல்மூடியைத் திறந்தால் சில்லுக்கு மேலே கவிழ்த்த தட்டுப் போன்ற ஓர் உறை தெரியும். அதனுள்ளே கயிறு சுற்றிய ஓர் உருளை. உருளைக்கு அடியில், மணிக்கூட்டுச் சுருளைப் போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலிமையான தட்டையான எஃகு வில். கயிற்றை இழுக்கும்போது உருளையிலிருந்து ஒரு நாக்கு வெளியே நீண்டு சில்லின் கப்பியைக் கவ்விச் சுழற்றும். இயந்திரம் கிளம்பிச் சில்லு வேகமெடுத்ததும் நாக்கு விலகிக்கொள்ளும். வில் கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். எவின்ரூட் காலத்தின் முட்டிக் காயமும் இல்லை, சீகல் காலத்தின் திரும்பத் திரும்பச் சுற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பதிலாக ஒரு புதிய ஆபத்து அந்த உறைக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது.

நமது கரையில் இந்தக் கயிறு இவ்வளவு விரைவில் அறுவதற்குத் தனிக் காரணம் உண்டு. எங்கள் வள்ளங்களின் இயந்திரங்களிற் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓட விட வேண்டும். பெற்றோல் விலையை நினைத்து அந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் ஒரு இழுவையில் கிளம்பவேண்டியது பத்து இழுவை கேட்கும். வலைக்கு வலை நிறுத்திக் கிளப்பும் தொழில் இது. ஒவ்வொரு இழுவையிலும் கயிறு, அது வெளியே வரும் துவாரத்தின் விளிம்பில் உரசுகிறது. உப்பு நீர் வில்லைத் தின்கிறது. காக்காவின் கயிறு அறுந்ததும் பிடிக்கு அருகில், அந்த உரசுமிடத்தில்தான்.

போர்க்காலம் இவை எல்லாவற்றையும் இறுக்கியது. எத்தனை குதிரைவலு இயந்திரம் வைத்திருக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை மணிக்குக் கரை திரும்ப வேண்டும் என்பதெல்லாம் காலத்துக்குக் காலம், கரைக்குக் கரை மாறும் கட்டளைகளாக இருந்தன. பெரிய இயந்திரம் சந்தேகத்துக்குரியது; சின்ன இயந்திரம் என்றால் கயிறு. 1990களில் அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு எரிபொருள், மின்கலம் முதலிய பொருள்களைக் கொண்டு போவதில் தடைகள் இருந்தன. மூதூர் கிழக்கின் சம்பூர்ப் பக்கம் 2006 செப்டெம்பர் வரை அந்த நிலையில்தான் இருந்தது. ஒரு புதிய சுருள்வில் வாங்க ஒருவன் சோதனைச் சாவடிகளைக் கடந்து பட்டினத்துக்குப் போய், எதற்கு, யாருக்கு என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே வில்லின் கொக்கி உடைந்தால் உடைந்த நுனியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, குறட்டால் புதிய கொக்கி வளைத்து மறுபடியும் மாட்டினார்கள். வலையின் மேற்கயிற்றில் ஒரு துண்டு ஸ்டார்ட்டர் கயிறாயிற்று. கைநூல் இல்லாத கைவினை அது. தந்தையிடமிருந்து மகனுக்கு, பட்டறைக்காரரிடமிருந்து எடுபிடிப் பையனுக்கு வாய்மொழியாகப் போனது. வாய்மொழியில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதை 2005 இல் கண்டேன்.

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின் சில மாதங்கள் நான் பெரும்பாலும் திருகோணமலையிலேயே இருந்தேன். கரையோரமெங்கும் மணலில் புதைந்தும் மரங்களில் செருகியும் கிடந்த இயந்திரங்களைத் தோண்டியெடுத்துப் பட்டறைகளில் குவித்திருந்தார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் புதிய வள்ளங்களும் இயந்திரங்களும் கொண்டுவந்தன. சில ஊர்களில் தேவைக்கு மிஞ்சியும் வந்தன, சில ஊர்களுக்கு வரவே இல்லை. அது தனிக் கதை. புதியவை வரும்வரை பழையவற்றைக் கழுவி உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. பட்டினத்தில் நான் அடிக்கடி போய் உட்கார்ந்த ஒரு பட்டறையில், பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் உப்பில் இறுகிய ஸ்டார்ட்டர் ஒன்றைத் திறந்தான். உறையைக் கழற்றி வைத்திருந்தான். வில்லின் இறுக்கத்தைத் தளர்த்தவில்லை. நடு ஆணியைக் கழற்றி, உருளையை நெம்பினான். துரு பிடித்த வில்லாயிற்றே, அதற்கு இனி என்ன பலம் என்று நினைத்திருப்பான்.

வில் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஓசை மட்டும் கேட்டது. அவனுக்கு வலக்கண் போயிற்று.

அன்று மாலை வைத்தியசாலை விறாந்தையில் அந்தப் பட்டறை முதலாளி என்னிடம், “அண்ணை, நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான். ஆனா இதைச் சொல்ல மறந்திட்டன்” என்றார். எதை என்று கேட்டேன். அடுத்த சில நாட்களில் ஒரு பழைய ஸ்டார்ட்டரை என் முன்னே வைத்து, ஒவ்வொரு படியாகச் செய்து காட்டினார். நான் நிருபர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இறக்குமதி இயந்திரங்களோடு வந்து நான் கண்ட கைநூல்கள் எதிலும் தமிழ் இருக்கவில்லை. அந்தக் குறிப்பேட்டை வைத்தே கீழே வருவதை எழுதுகிறேன். இயந்திரத்துக்கு இயந்திரம் சிறு வேறுபாடுகள் உண்டு. கைநூல் வாசிக்கக் கூடியவர்கள் அதில் உள்ளதையே முடிவாகக் கொள்ளவேண்டும்.

முதலில் இயந்திரம் தற்செயலாகக் கிளம்பாது என்பதை உறுதிசெய்ய வேண்டும். நிறுத்தும் ஆளியிலுள்ள பாதுகாப்பு நாடாவைக் கழற்றிவிடுவது, எரிபொருளை அடைப்பது, கியரை நியூட்ரலில் வைப்பது, பிளக்குகளின் தொப்பிகளைப் பிடுங்குவது. சில்லைக் கையால் அசைத்தாலும், உள்ளே எஞ்சிய எரிபொருள் ஒரு தடவை வெடித்தால் போதும், விரல் போய்விடும். பின்னர் மேல்மூடி. கியர் பூட்டியிருக்கும்போது கயிற்றை இழுக்க முடியாதபடி தடுக்கும் மெல்லிய கம்பி ஒன்று பல இயந்திரங்களில் கியரிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும். அது எந்த அளவில் பூட்டப்பட்டிருக்கிறது என்று அடையாளமிட்டுக்கொண்டு அதைக் கழற்ற வேண்டும். அதை மறந்து உறையைத் தூக்கியவர்கள் கம்பியை அறுத்திருக்கிறார்கள். அதன் பின் உறையைப் பிடித்திருக்கும் ஆணிகள், பெரும்பாலும் மூன்று. ஒன்றை முழுக்கக் கழற்றி மற்றதற்குப் போகாமல், மூன்றையும் மாறி மாறித் தளர்த்தி, உறையை நேரே மேலே தூக்க வேண்டும்.

இதுவரை ஆபத்து அதிகமில்லை. உறை மொத்தமாகக் கழன்று வரும்போது வில் உள்ளே அடங்கியே இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது கயிற்று நுனியிலுள்ள பிடி. அது துவாரத்தில் முட்டி நிற்பதால்தான் உருளை சுழலாமல் நிற்கிறது. பிடியின் முடிச்சை இந்த நிலையில் அவிழ்ப்பவன் தன் கையாலேயே பூட்டைத் திறப்பவன். கயிறு ஏற்கெனவே அறுந்து உள்ளே போயிருந்தால் வில்லின் இறுக்கம் பெருமளவு போய்விட்டது. ஆனால் போய்விட்டதென்று எண்ணுவதும் தவறே, ஏனெனில் இறுக்கம் இல்லாத வில்லும் அந்தச் சிறிய வட்டத்துக்குள் மடக்கி அடைக்கப்பட்டதுதான்.

அந்தப் பையனிடம் சொல்ல மறந்தது அடுத்த படி. உறையைக் கவிழ்த்து வைத்து, கயிற்றை ஒரு சாண் அளவு வெளியே இழுத்து, உருளையின் விளிம்பிலுள்ள வெட்டு கயிற்றுக்கு நேரே வரும்போது பெருவிரலால் உருளையை அழுத்திப் பிடிக்க வேண்டும். இழுத்த கயிற்றை அந்த வெட்டில் மடித்து மாட்டி, பெருவிரலின் அழுத்தத்தை மெல்ல மெல்லத் தளர்த்தினால் உருளை கயிற்றையும் சுமந்துகொண்டு சுற்றுச் சுற்றாகப் பின்னோக்கிச் சுழலும். கை விடக்கூடாது. உருளை எந்தப் பக்கமும் இழுக்காமல் சும்மா நிற்கும் வரை இதைச் செய்த பிறகுதான் நடு ஆணிக்குச் சாவி போட வேண்டும்.

உருளையை எடுக்கும்போதும் முகத்தை மேலே வைத்துக் குனியக்கூடாது. கண்ணாடி, தடித்த கையுறை இரண்டும் வேண்டும். உருளையைச் சற்று இப்படியும் அப்படியும் அசைத்து வில்லின் கொக்கி கழன்றதை உறுதிசெய்து, உருளையிலுள்ள துளை வழியே திருப்புளியால் வில்லை அடியில் அழுத்தியபடி தூக்க வேண்டும். வில் கூடவே எழும்பினால் அப்படியே திரும்ப இறக்கிவிட வேண்டும். வில் நல்ல நிலையில் இருந்து, கயிறு மட்டும் மாற்ற வேண்டுமானால் அதைத் தொடவே தேவையில்லை. மாற்றத்தான் வேண்டுமென்றால் அந்த முதலாளி ஒரு உபாயம் காட்டினார். உறையை அதன் கால்கள் கீழே இருக்கும்படி மணலில் நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு மரச்சுத்தியலால் தட்டினார். வில் உறைக்கு அடியிலேயே விழுந்து, கூண்டுக்குள் சிக்கிய மிருகம் போல ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது. எவர் முகத்துக்கும் எட்டவில்லை.

திரும்பப் பூட்டுவது பற்றி ஒன்று மட்டும். புதிய கயிறு பழையதன் தடிப்பிலும் நீளத்திலும் இருக்க வேண்டும். நுனி அவிழாமல் தீயில் உருக்கிவிட வேண்டும். வில்லுக்குக் கொடுக்கும் முன்சுற்று குறைந்தால் பிடி தொங்கும். கூடினால், கயிறு முழுவதும் வெளியே வரும் முன்னரே வில் இறுகி முட்டி அடுத்த மாதமே உடையும். கயிற்றை முழுவதும் இழுத்த நிலையில் உருளை இன்னும் சிறிதளவு சுழல இடமிருக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய சோதனை.

இவ்வளவும் கரையில். காக்கா செய்தது கடலில்.

என் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அந்த ஜூலைப் பிற்பகலை மறுபடியும் நினைத்துப் பார்க்கும்போது, அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது தெரிகிறது. சாவியை ஒரு நூலால் தன் மணிக்கட்டில் கட்டினார். சாரமொன்றை இயந்திரத்தின் அடியில் விரித்தார். விழும் ஆணி கடலுக்குப் போகக்கூடாது. கழற்றிய மூன்று ஆணிகளையும் தன் தொப்பிக்குள் போட்டுப் பையனிடம் கொடுத்தார். ஸ்டார்ட்டரை மொத்தமாகத் தூக்கி ஒரு சாக்கில் சுற்றி வைத்தார். திறக்க முயலவே இல்லை. ஆடும் வள்ளத்தில் வில்லைத் திறப்பவன் மூடன். பின்னர், பிளக் தொப்பிகளைத் திரும்ப மாட்டி, கியரைக் கையால் அசைத்துப் பார்த்தார். ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டால் கியர்த் தடுப்பும் கூடவே போய்விடுகிறது. கியர் பூட்டியபடி கிளம்பினால் வள்ளம் பாயும், நிற்பவன் கடலில் விழுவான். பையனைத் துடுப்பு வலித்து அணியத்தைக் காற்றுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். என்னை முன்னுக்குப் போகச் சொன்னார்.

முடிச்சுப் போட்ட நைலோன் கயிறொன்று அவரிடம் ஆயத்தமாக இருந்தது. மறுநுனியில் ஒரு மரத்துண்டு. முடிச்சைச் சில்லின் வெட்டில் மாட்டி வலஞ்சுழியாகச் சுற்றினார். உதவி செய்வதாக நினைத்து நான் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கப் போனேன்.

“கயித்தக் கையில சுத்தாதீங்க தம்பி! எஞ்சின் எதிர்த்து உதைச்சா கயிறு போகும், கையும் கூடப் போகும். கட்டைய மட்டும் பிடிக்கணும். விடவேண்டிய நேரத்தில விட்டிரணும்.”

நான்காவது இழுவையில் கிளம்பியது. மேல்மூடியைத் திரும்பப் போடவில்லை; ஸ்டார்ட்டரையும் வைக்கவில்லை. ஓடும் சில்லின் மேல் எதையும் வைக்க முயல்வது கையைக் கொடுப்பதற்குச் சமம். என் தோள்பையின் நீண்ட வாரைக்கூடச் சுருட்டி மடியில் வைக்கச் சொன்னார். திறந்த சில்லு விசிறிபோல் சுழல, பாதி வேகத்தில், பொழுது சாயும் நேரத்தில் உட்துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்த இயந்திரத்தின் ஜப்பானிய உடம்பை அன்று கிளப்பியது சீகல் காலத்து முறை. நவீனம் உடைந்த இடத்தில் பழையது வேலை செய்தது.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்ற ஆறுகளுக்கும் பின்னர் பாலங்கள் வந்தன. மூதூருக்குப் போகக் கடலை நம்பியிருந்த காலம் போயிற்று. ஆனால் தொழிலுக்குப் போகிறவனுக்குப் பாலம் கிடையாது. 2022 இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் மணலில் கிடந்தபோது, சீனன்குடாவின் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளையும் யார் யார் எப்படிப் பங்கிடுவது என்ற உடன்படிக்கை அவ்வாண்டு ஜனவரியில்தான் கைச்சாத்தாகியிருந்தது. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அந்த வாரங்களில் தொழிலுக்குப் போனவர்கள் எரிபொருளை மிச்சம் பிடிக்க வலைக்கு வலை இயந்திரத்தை நிறுத்தினார்கள். அத்தனை தடவை கயிறும் இழுபட்டது.

கண் போன பையன் இப்போது பையன் அல்லன். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய குடும்பஸ்தன்; கரையோரத்தில் சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருக்கிறான். கடைசியாக நான் போனபோது ஒரு ஸ்டார்ட்டரைக் கவிழ்த்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் குந்தியிருந்த எடுபிடிச் சிறுவனிடம் கண்ணாடியைப் போடச் சொன்னான். சிறுவன் கண்ணாடி வியர்க்கிறது என்று முணுமுணுத்தான். அவன் எதுவும் சொல்லவில்லை. தலையைத் திருப்பித் தன் வலப்பக்க முகத்தை அவனுக்குக் காட்டினான். சிறுவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உருளையின் மேல் பெருவிரலை வைத்து, கயிற்றை வெட்டில் மடித்து மாட்டினான்.